உலோகத்தில் கைச்செதுக்கு: புதிதாகப் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செதுக்குளியைக் கையில் எடுத்த முதல் வாரங்களில் எல்லோருக்கும் வரும் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றே. கோடு நடுங்குகிறது, உளி வழுக்குகிறது, முனை ஒடிகிறது, வளைவில் பிசிறு கிளம்புகிறது. “எனக்குக் கைவரவில்லை” என்று முடிவு கட்டி, நல்ல ஆர்வத்தோடு வந்தவர்கள் பலர் இந்தக் கட்டத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் இந்தத் தொல்லைகளில் முக்கால்வாசி, கையைவிட உளியின் முனையைச் சேர்ந்தவை. முனையைச் சரியாகத் தீட்டத் தெரிந்துவிட்டால் கை தானாகப் பழகிக்கொள்ளும். கீழே உள்ள பதில்களில் இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைச்செதுக்கும், மின்சாரப் பேனாவால் பொறிப்பதும் ஒன்றுதானா?

இல்லை. அதிரும் மின்சாரப் பேனா உலோகத்தின் மேல் நூற்றுக்கணக்கான சிறு குழிகளைக் குத்துகிறது. உலோகம் நசுங்குகிறதே தவிர வெளியே வருவதில்லை. அதனால் கோடு மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். ஊசியால் கீறினாலும் இதே கதைதான்: ஏர் மண்ணைப் புரட்டுவதுபோல உலோகம் இருபுறமும் ஒதுங்கிக் கரை கட்டும்.

செதுக்குளி உலோகத்தை ஒதுக்குவதில்லை, அள்ளி வெளியே எடுக்கிறது. முனைக்கு முன்னால் மெல்லிய சுருள் ஒன்று எழுந்து வரும். அது போன இடத்தில் இரண்டு பளபளப்பான சரிவுகள் கொண்ட பள்ளம் நிற்கும். அந்தச் சரிவுகள் கண்ணாடி போல வழவழப்பாக இருப்பதால், பொருளைத் திருப்பும்போது ஒளி அவற்றில் பட்டுத் தெறிக்கும். கையால் செதுக்கிய வேலையை லேசர் வேலையிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த ஒளிதான்.

அமிலத்தால் அரித்து எடுக்கும் முறை மூன்றாவது வகை. அதில் மெழுகுப் பூச்சைத்தான் கீறுகிறோம். உலோகத்தை அமிலம் தின்கிறது. நல்ல கலைதான், ஆனால் நாம் இங்கே பேசும் கலை வேறு.

எந்த உலோகத்தில் தொடங்குவது?

“செம்பு மென்மையானது, அதில் தொடங்கு” என்று பலர் சொல்வார்கள். நான் பித்தளையைச் சொல்வேன். நன்கு காய்ச்சி மென்மையாக்கிய செம்பு உளியோடு ஒட்டிக்கொண்டு வரும். தெரியாமல் கொஞ்சம் அழுத்தினாலும் உளி ஆழமாக இறங்கிவிடும், கோட்டின் இரு கரையிலும் பிசிறு நிற்கும். பித்தளை சுத்தமாக வெட்டுப்படும், சுருளும் சுலபமாக உதிரும். செம்புதான் கையில் இருக்கிறது என்றால், காய்ச்சாத, கடினமான தகடாகப் பார்த்து எடுத்து, முனையில் ஒரு துளி எண்ணெய் தொட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

பித்தளையில் கை ஓரளவு நின்றதும் மைல்டு ஸ்டீலுக்குப் போங்கள். எஃகு என்றதும் பயப்பட வேண்டாம். அது உளிக்குச் சீரான எதிர்ப்பைக் கொடுப்பதால் கோட்டைக் கட்டுப்படுத்துவது மென்மையான உலோகங்களைவிட எளிது என்பதை வெட்டிப் பார்த்தால் உணர்வீர்கள். 92.5 சதவீத வெள்ளி, செதுக்குவதற்கென்றே பிறந்த உலோகம். ஆனால் அதை வாங்கிப் பழகுவது வீண் செலவு. அலுமினியம் முனையில் அப்பிக்கொள்ளும். எவர்சில்வர் வெட்ட வெட்ட இறுகிக்கொண்டே போகும். இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

தகட்டின் கனம் 1 மில்லிமீட்டர் முதல் 1.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். மேற்பரப்பை 400, 600, 800 எண் எமரித்தாள்களால் வரிசையாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். கண்ணாடிபோல மெருகேற்றிவிடாதீர்கள்: விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யும், போட்ட கோடும் தெரியாது.

குறைந்தபட்சம் என்னென்ன கருவிகள் வேண்டும்?

இரண்டு செதுக்குளிகள், உள்ளங்கையில் அடங்கும் காளான் வடிவப் பிடி ஒன்று, தீட்டுவதற்கு வைரப்பொடி பதித்த தகடுகள் அல்லது சாணைக்கற்கள், தீட்டும்போது கோணம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் தாங்கி, தகட்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஏற்பாடு, தலையில் மாட்டும் உருப்பெருக்கி. அவ்வளவுதான்.

இவற்றில் எதில் பணத்தை மிச்சம் பிடிப்பது என்று கேட்டால், தீட்டும் கருவிகளைத் தவிர எதில் வேண்டுமானாலும் பிடிக்கலாம். அருமையான வைஸும் மொட்டை உளியும் வைத்திருப்பவரைவிட, மரக்கட்டையில் ஒட்டிய தகடும் கூரான உளியும் வைத்திருப்பவர் நன்றாகச் செதுக்குவார்.

தகட்டைப் பிடித்துக்கொள்ள உருண்டை வைஸ் என்ற கருவி இருக்கிறது. கனமான உருண்டையின் மேல் தாடை சுழலும். அது இல்லாவிட்டால் தகட்டை அரக்கால் மரக்கட்டையில் பதித்து, கட்டையை மணல் அடைத்த தோல் திண்டின் மேல் வைத்துத் திருப்பலாம். செப்புத் தகட்டில் படம் செதுக்கிய பழைய ஐரோப்பியக் கலைஞர்களும் தோல் திண்டின் மேல் வைத்துத்தான் தகட்டைத் திருப்பினார்கள்.

உளியில் எத்தனையோ வடிவங்கள் இருக்கின்றன. எதை வாங்குவது?

120 டிகிரி கோண முனை ஒன்று, சதுர உளி ஒன்று. சதுர உளியின் முனைக் கோணம் 90 டிகிரி.

கோணம் ஏன் முக்கியம் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று சொல்கிறேன். 90 டிகிரி முனை 0.1 மில்லிமீட்டர் ஆழம் இறங்கினால் கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர். அதே ஆழத்தில் 120 டிகிரி முனை ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் அகலக் கோட்டைத் தரும். அதாவது விரிந்த கோணத்தில் கொஞ்சம் ஆழத்திலேயே தடித்த கோடு கிடைக்கிறது. தள்ளும் விசையும் குறைவு. மெல்லிய நிழற்கோடுகளுக்குக் குறுகிய கோணம் நல்லது. தட்டை உளி, வட்ட உளி, கத்தி உளி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உளியின் உலோகத்தைப் பொறுத்தவரை, சூட்டைத் தாங்கும் கருவி எஃகான ஹைஸ்பீடு ஸ்டீல் தொடக்கத்துக்கு ஏற்றது. சாதாரணக் கார்பன் எஃகு நன்றாகக் கூரேறும், ஆனால் இயந்திரச் சாணையில் சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன உளி நெடுநேரம் கூர் நிற்கும். பக்கவாட்டில் நெம்பினால் பொட்டென்று உடையும்.

உளியை எப்படித் தீட்டுவது?

இதற்கு மட்டும் அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். இரண்டு பரப்புகள்தான் வேலை செய்கின்றன. ஒன்று முகம்: உளியின் முன்னால் சாய்வாக வெட்டப்பட்ட பரப்பு. மற்றொன்று முகத்துக்கு அடியில், முனையை ஒட்டி இருபுறமும் தீட்டப்படும் சின்னஞ்சிறு பட்டை. அதைக் குதி என்று வைத்துக்கொள்வோம்.

முகத்தின் சாய்வு பித்தளைக்கும் வெள்ளிக்கும் 45 டிகிரி. எஃகுக்கு 50 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல், அப்போது முனை தாங்கும். குதியின் சாய்வு 15 முதல் 20 டிகிரி. குதி எதற்கு என்றால், உளியின் அடிப்பகுதியைத் தகட்டிலிருந்து கொஞ்சம் உயர்த்துவதற்கு. குதி இல்லாத உளியைத் தகட்டோடு தகடாகப் படுக்க வைத்துத்தான் வெட்ட முடியும்; விரல்கள் தகட்டில் இடிக்கும், உளி எழும்பவும் மறுக்கும், இறங்கவும் மறுக்கும்.

முதலில் முகத்தைச் சொரசொரப்பான வைரத் தகட்டில் சமமாக்குங்கள். முகத்தின் மேல்பகுதியைச் சரித்துக் குறைத்துவிட்டால் முனை கண்ணுக்கு மறையாது, தீட்ட வேண்டிய பரப்பும் சிறிதாகும். பிறகு 600 எண், 1200 எண் என்று மென்மையான தகடுகளுக்கு மாறுங்கள். அடுத்து உளியைத் தாங்கியில் ஒருபக்கம் திருப்பி ஒரு குதி, மறுபக்கம் அதே அளவு திருப்பி இன்னொரு குதி. இரண்டும் சம நீளமாக இருக்க வேண்டும். நீளம் என்றால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டு மூன்று முறை இழுத்தாலே போதும். கடைசியாக, நுண்ணிய வைரப்பொடி தடவிய பீங்கான் தகட்டில் குதியை மெருகேற்றுங்கள். குதியில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் மிஞ்சினால் அவை அப்படியே வெட்டிய பள்ளத்தில் பதியும். குதி பளபளத்தால் கோடும் பளபளக்கும்.

உளி மழுங்கும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முகத்தை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டு, குதியை ஓரிரு முறை தொட்டால் போதும்.

கூராக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கட்டைவிரல் நகத்தின் மேல் முனையைச் சாய்வாக வையுங்கள். அழுத்த வேண்டாம், உளியின் எடை மட்டும் போதும். மெதுவாக முன்னால் நகர்த்துங்கள். உடனே கடித்து நின்றால் கூர். வழுக்கினால் மறுபடி தீட்டுங்கள்.

இன்னொரு சோதனை, உருப்பெருக்கியின் கீழ் முனையை விளக்கை நோக்கிக் காட்டுவது. கூரான முனைக்கு ஒளியைத் திருப்பி அனுப்பப் பரப்பே இல்லை. அது கறுப்பாக முடியும். நுனியில் வெள்ளைப் புள்ளி ஒன்று மின்னினால் அங்கே முனை உடைந்திருக்கிறது அல்லது மழுங்கியிருக்கிறது. கோடு கெடுவதற்கு முன்பே இந்தப் புள்ளி காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு சில கோடுகளுக்கும் ஒருமுறை பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

உளியை எப்படிப் பிடிப்பது? நான் பேனாபோலப் பிடிக்கிறேன், கை வலிக்கிறது.

பேனாபோலப் பிடிக்கக் கூடாது. காளான் பிடியின் தலை உள்ளங்கையின் குழிவில் உட்கார வேண்டும். ஆள்காட்டி விரல் உளியின் மேல் நீண்டு கிடக்கட்டும். கட்டைவிரல் தகட்டின் மேல் ஊன்றி, உளியின் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். உளியின் முனை கட்டைவிரல் நுனிக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. நீளமாக இருந்தால் உளியை வெட்டியோ தேய்த்தோ சுருக்கிக்கொள்ளுங்கள்.

விசை உள்ளங்கையிலிருந்து வருகிறது. கட்டைவிரல் விசை கொடுப்பதில்லை, அது தடை. உளி அந்தக் கட்டைவிரலை உரசிக்கொண்டு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னேறும், பிறகு நிற்கும், கட்டைவிரலை நகர்த்தி ஊன்றி மறுபடி தள்ளுவீர்கள். நீண்ட கோட்டை ஒரே தள்ளில் முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்திய இடத்திலேயே முனையை உட்கார வைத்துத் தொடர்ந்தால் இணைப்பு தெரியாது.

முதல் கோட்டைப் போடும்போது கவனியுங்கள். முனையைத் தகட்டில் வைத்து, பிடியைச் சற்றே உயர்த்தினால் முனை கடிக்கும். கடித்ததும் பிடியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், இப்போது முனை ஆழம் போகாமல் முன்னோக்கிச் செல்லும். முகத்தின் மேல் சுருள் ஏறத் தொடங்கும். சுருள் அறுபடாமல், ஒரே தடிமனில் சுருண்டு வந்தால் ஆழம் மாறவில்லை என்று பொருள். கோட்டைப் பார்ப்பதைவிடச் சுருளைப் பார்ப்பது நல்லது. முடிக்கும்போது தள்ளிக்கொண்டே பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். முனை மேலே வந்து, கோடு மெலிந்து, சுருள் தானாக உதிரும்.

உளி அடிக்கடி வழுக்கி, தகட்டின் குறுக்கே கீறிவிடுகிறது. ஏன்?

முதல் காரணம் மழுங்கிய முனை. முனை கடிக்காததால் நீங்கள் அழுத்தத்தைக் கூட்டுகிறீர்கள். கூட்டிய அழுத்தம் ஒரு கட்டத்தில் உளியைத் தூக்கி எறிகிறது. இரண்டாவது காரணம் பிடி மிகவும் தாழ்ந்திருப்பது. மூன்றாவது, கட்டைவிரல் தகட்டில் ஊன்றாமல் அந்தரத்தில் நிற்பது.

வழக்கத்துக்கு மேல் அழுத்த வேண்டியிருக்கிறது என்று தோன்றும் அந்த நொடியிலேயே நிறுத்திவிடுங்கள். அதுதான் தீட்டச் சொல்லும் அறிகுறி. “இந்தக் கோட்டை மட்டும் முடித்துவிட்டுத் தீட்டுகிறேன்” என்று நினைக்கும் கோட்டில்தான் வழுக்கும்.

முனை ஒடிந்துகொண்டே இருக்கிறது. உளி தரமற்றதா?

தரத்தைப் பிறகு சந்தேகிக்கலாம். முனை ஒடிவது பெரும்பாலும் கோட்டின் முடிவில்தான். உளி ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொள்கிறது. அதை வெளியே எடுக்கப் பிடியைச் சட்டென்று கீழே அழுத்துகிறோம். முனை நெம்புகோலாகி முறிகிறது. சிக்கிக்கொண்டால் வந்த வழியிலேயே உளியைப் பின்னால் இழுத்து எடுங்கள். பிறகு கொஞ்சம் முன்னதாகவே தொடங்கி, ஆழம் குறைத்து வெட்டிக்கொண்டு வாருங்கள். எதிர்ப் பக்கத்திலிருந்தும் வந்து சந்திக்கலாம்.

அப்படியும் ஒடிந்தால் முகத்தின் சாய்வை 50 டிகிரிக்கு மேல் உயர்த்துங்கள். ஒடிந்த துணுக்கு பள்ளத்திலேயே தங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். புதிதாகத் தீட்டிய முனை அதில் மோதினால் அதுவும் போகும். ஊசியால் கிளறி எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

நேர்கோடு வருகிறது. வளைவில் வெளிக்கரை மட்டும் கிழிந்ததுபோலப் பிசிறடிக்கிறது.

குதி நீளமாக இருக்கிறது. வேறு எதையும் தேட வேண்டாம்.

முனை வளைவில் திரும்பும்போது அதன் பின்னால் வரும் குதி நேராகவே போக முயலும். குதி நீளமாக இருந்தால் அதன் வால், வெட்டிய பள்ளத்தின் வெளிச் சுவரை உரசி நசுக்கும். முகத்தைக் கொஞ்சம் தேய்த்தாலே குதி குறுகிவிடும். வளைவு எவ்வளவு இறுக்கமோ குதி அவ்வளவு குட்டையாக வேண்டும்.

கூடவே இன்னொன்று: வளைவில் உளியைத் திருப்பாதீர்கள், தகட்டைத் திருப்புங்கள். உளி பிடித்த கை ஏறக்குறைய அசையாமல் ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருக்க, இடது கை வைஸைச் சுழற்றித் தகட்டை முனைக்கு ஊட்ட வேண்டும். இடது கையர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். உளியைத் திருப்பி வளைத்தால் மணிக்கட்டு ஓரிடத்தில் முடிந்துபோய், அங்கே வளைவில் ஒரு மூட்டு விழும். தகடு திரும்பினால் வளைவுக்கு முடிவே இல்லை.

கோட்டை மெலிதாகத் தொடங்கித் தடிமனாக்கி மறுபடி மெலிதாக்குவது எப்படி?

இரண்டு வழி. பிடியை உயர்த்தி ஆழத்தைக் கூட்டுவது ஒன்று. உளியைத் தன் அச்சில் ஒருபக்கம் உருட்டுவது மற்றொன்று. அப்போது ஒரு சுவர் செங்குத்தாகவும் மறு சுவர் அகலச் சரிவாகவும் வெட்டுப்படும். அந்த அகலச் சரிவு ஒளியை வாங்கி மின்னும். எழுத்துகளுக்கும் இலைகளுக்கும் உயிர் கொடுப்பது இந்த உருட்டு வெட்டு.

ஒரே கோட்டின் தடிமனை மாற்றுவதால் மட்டும் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க விரும்பினால், பிரெஞ்சுக் கலைஞர் கிளாட் மெல்லன் 1649இல் செதுக்கிய ஏசுவின் முகத்தைப் பாருங்கள். மூக்கின் நுனியில் தொடங்கும் ஒரே கோடு சுருள்வட்டமாக விரிந்து விரிந்து முழுப் படத்தையும் நிரப்புகிறது. கண், நிழல், முள்முடி, கேசம் எல்லாமே அந்த ஒற்றைக் கோடு தடிப்பதாலும் மெலிவதாலும் உண்டானவை. குறுக்குக்கோடு ஒன்றுகூட இல்லை. நெதர்லாந்தின் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸும் தடித்து மெலியும் கோட்டுக்குப் பெயர்பெற்றவர். சிறு வயதில் தீயில் கருகி ஊனமான வலது கையால் அந்தக் கோடுகளைப் போட்டார். “என் கை இதற்கு ஏற்றதல்ல” என்று யாராவது சொன்னால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

பயிற்சி எளிது. அருகருகே, சம இடைவெளியில், மெலிந்து தடித்து மெலியும் சிறு கோடுகளாக ஒரு வரிசை. எல்லாக் கோட்டிலும் தடிமனான இடம் நேர் நடுவில் வர வேண்டும். பிறகு எல்லாக் கோடும் ஒரே பக்கம் தடித்து மறுபக்கம் மறைய வேண்டும். இலையின் நிழல் என்பது இதுவே.

சுத்தியலால் அடித்துச் செதுக்குவது, காற்றழுத்தக் கருவி: இவற்றில் எதைப் பழகலாம்?

பித்தளை, வெள்ளி, தங்கத்துக்குக் கையால் தள்ளுவதே போதும். எஃகில் ஆழமான வெட்டுக்குச் சிறு சுத்தியலும் நீளமான உளியும் தேவைப்படும். கனமாக அடிப்பதில்லை, படபடவென்று இலேசான தட்டுகள். காற்றழுத்தக் கைப்பிடி அந்தத் தட்டுகளை உளிக்குள்ளேயே கொடுக்கிறது, உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நிம்மதி. கைவலி உள்ளவர்கள் தயங்காமல் அதற்குப் போகலாம். ஆனால் மோசமாகத் தீட்டிய உளியை அந்தக் கருவி திருத்தாது; பிசிறான கோட்டை இன்னும் வேகமாக வெட்டித் தரும்.

வரைந்த படத்தைத் தகட்டுக்கு எப்படி மாற்றுவது?

தகட்டில் வெள்ளை வர்ணத்தை மிக மெல்லியதாகத் தடவிக் காயவிட்டு, அதன் மேல் கூரான பென்சிலால் வரைவது பழைய வழி. எனக்கு இன்றும் பிடித்தது அதுதான், ஏனென்றால் தகட்டின் வடிவத்துக்கு ஏற்பப் படத்தை அங்கேயே திருத்தலாம். கார்பன் தாளும் உதவும். லேசர் அச்சுப்பிரதியைக் கவிழ்த்து வைத்து, நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனால் தொட்டு அழுத்தினால் அதன் மை தகட்டுக்கு இறங்கும். படம் இடவலம் மாறும் என்பதால் முன்னதாகவே திருப்பி அச்சிட்டுக்கொள்ளுங்கள். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பென்சில் கோடு கைபட்டு அழியும். எனவே முக்கியக் கோடுகளை மட்டும் ஊசியால் மிக இலேசாகக் கீறி வையுங்கள். கீறல் ஆழமானால் பிறகு வெட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் அது துருத்திக்கொண்டு தெரியும்.

எனக்கு ஓவியம் வராது. செதுக்க முடியுமா?

செதுக்கத் தொடங்கலாம். ஆனால் வரையாமல் வெகுதூரம் போக முடியாது. ஜெர்மானியக் கலைஞர் டியூரர் தந்தையின் பொற்கொல்லர் பட்டறையில் உளி பிடித்தவர். ஆனாலும் 1513, 1514ஆம் ஆண்டுகளில் அவர் செதுக்கிய செப்புத் தகடுகளைப் பேச வைப்பது முதலில் அவருடைய வரைவுதான்.

மனித முகம் வரையச் சொல்லவில்லை. கொடிச்சுருள் ஒன்றைப் பென்சிலால் நாளும் வரையுங்கள். முதலில் தண்டு மட்டும்: வெளியிலிருந்து உள்ளே சீராக இறுகும் சுருள். எங்காவது தட்டையாகவோ முழங்கைபோல மடங்கியோ இருந்தால் அழித்துவிட்டு மறுபடி. தண்டு சரியாக அமைந்தால் இலைகள் தாமாக இடம் பிடித்துக்கொள்ளும். தண்டு கோணினால் எவ்வளவு அழகான இலையும் அதைக் காப்பாற்றாது. வெட்டும்போதும் இதே வரிசை: தண்டு, இலையின் வெளிக்கோடு, கடைசியில் நிழல்.

தமிழ் எழுத்துகளைச் செதுக்கலாமா? பயிற்சிப் பாடங்கள் எல்லாம் ரோமன் எழுத்துக்கே இருக்கின்றன.

தாராளமாக. ஆனால் வரிசையை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். ட, ப இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை, அங்கே தொடங்குங்கள். அடுத்து ஒரு வளைவு சேரும் ம, ய, ழ. பிறகு வ, ல, ன. ண, ஞ, இ, ஐ கடைசியில். மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்தில் ‘ண’வின் சுழி ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். குட்டையான குதி இல்லாமல் அந்தச் சுழியைச் சுற்ற முடியாது. சுழியை ஒரே வெட்டில் முடிக்க முயலாமல் இரண்டு அரைவட்டங்களாகப் பிரித்து, இரண்டும் மெலிந்த இடத்தில் சந்திக்கும்படி வெட்டுங்கள்.

ரோமன் பெரிய எழுத்துக்கு இரண்டு வழிகாட்டிக் கோடுகள் போதும். நமக்கு நான்கு வேண்டும்: எழுத்தின் தலை, அடி, மேலே புள்ளியும் இகரக் குறியும் நிற்கும் எல்லை, கீழே உகர ஊகாரங்கள் இறங்கும் எல்லை. மேலெல்லையை விடாமல் தொடங்கிவிட்டு, பெயரின் கடைசி மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க இடமில்லாமல் திண்டாடுபவர்கள் பலர்.

இடைவெளியை அளவுகோலால் வைக்காதீர்கள். ‘ட’வின் வலது மேல்புறம் திறந்து கிடப்பதால் அடுத்த எழுத்து தள்ளி நிற்பதுபோலத் தோன்றும்; அதைக் கொஞ்சம் நெருக்கி வரையுங்கள். புள்ளி வைக்க, முனையை நிமிர்த்திக் குத்திட்டுப் பிடித்துக்கொண்டு வைஸை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். உருண்டையான சுத்தமான குழி விழும். எல்லாப் புள்ளிகளையும் எழுத்துகள் முடிந்த பிறகு ஒன்றாக வைத்தால் அளவு ஒத்து வரும்.

தவறான கோட்டை அழிக்க முடியுமா?

மேலோட்டமான கீறலை முடியும். வழவழப்பான எஃகு மெருகுக்கோலில் எண்ணெய் தொட்டு, கீறலின் இரு கரைகளையும் உள்நோக்கி அழுத்தித் தேய்த்தால் உலோகம் நகர்ந்து மூடிக்கொள்ளும். அதற்கு மேல் நுண்ணிய எமரித்தாள். தாளை விரலால் தேய்க்காமல் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் குழிந்துவிடும்.

ஆழமான தவற்றுக்குச் சுற்றுப்புறம் முழுவதையும் சுரண்டியால் இறக்க வேண்டும். பயிற்சித் தகட்டில் அவ்வளவு மெனக்கெட வேண்டாம். வழிதவறிய கோட்டை இன்னொரு இலையாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தகட்டின் பின்பக்கம் இருக்கவே இருக்கிறது.

எவ்வளவு உருப்பெருக்கம் தேவை?

தொடக்கத்துக்கு இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு போதும். பெருக்கம் கூடக் கூட, பார்வை பரப்பும் கண்ணுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரமும் குறையும்; கழுத்து குனியும். மிக நுண்ணிய வேலைக்கு இருகண் நுண்ணோக்கிதான் முறை. ஒளியைப் பற்றி ஒன்று: விளக்கின் முன்னால் டிரேசிங் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு ஒளியைப் பரப்புங்கள். நேரடி ஒளியில் தகடு கூசும், முனை இருக்கும் இடமே தெரியாது. முதுகு வளையாதபடி தகட்டை நெஞ்சளவு உயர்த்திக்கொள்வதும் முக்கியம்.

ஆபத்து உண்டா?

உண்டு. உளி செல்லும் திசைக்கு எதிரே விரல் இருக்கக் கூடாது. இடது கை எப்போதும் முனைக்குப் பின்னால். வழுக்கும் உளி சதையில் ஆழமாக இறங்கும். சுருள்களை வாயால் ஊதாதீர்கள், கண்ணில் படும். தூரிகையால் தள்ளுங்கள், விரலாலும் துடைக்காதீர்கள். கண்ணாடி அணியுங்கள். சுலபமாக வெட்டுப்படும் பித்தளை வகைகளில் ஈயம் கலந்திருக்கும், ஆகவே வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். கார்பைடு உளியைத் தீட்டும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு; முகக்கவசம் கட்டாயம்.

ஒரு நாளில் எவ்வளவு நேரம் பழக வேண்டும்?

நாளும் அரைமணி நேரம், வாரத்தில் ஒரு முழு நாளைவிட மேல். கை களைத்தபின் போடும் கோடுகள் கெட்ட பழக்கத்தைத்தான் பதியவைக்கும். அந்த அரைமணியில் பாதியைத் தீட்டுவதற்கே செலவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கோடுகள் சரியாகத் தெரியவில்லை. கறுப்பு ஏற்றலாமா?

ஏற்றலாம். எண்ணெய் சார்ந்த கறுப்பு வர்ணத்தைத் தேய்த்துப் பள்ளங்களில் நிரப்பி, மேற்பரப்பை மட்டும் துடைத்தெடுங்கள். அதற்கு முன் விரல் நுனியால் தடவிப் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, கட்டையில் சுற்றிய 1000 எண் தாளால் ஒருமுறை இழுத்துவிடுங்கள். துணிச் சக்கரத்தில் மெருகேற்ற வேண்டாம். செதுக்கிய விளிம்புகளின் கூர்மை கரைந்துபோகும். பயிற்சித் தகட்டில் மை நிரப்பிய பிறகு ஈரத்தாளை அழுத்தி ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். தகட்டின் பளபளப்பு மறைத்த குறைகளை எல்லாம் அந்தத் தாள் மறைக்காமல் காட்டும்.

பயிற்சித் தகட்டை விட்டு நிஜப் பொருளில் எப்போது செதுக்கலாம்?

அதே எழுத்தை, அதே அளவில், பயிற்சித் தகட்டில் அடுத்தடுத்து மூன்று முறை பிழையின்றி வெட்ட முடிந்தால் செதுக்கலாம். முதல் பொருள் தட்டையானதாக, உங்களுக்கே சொந்தமானதாக இருக்கட்டும்: பித்தளைச் சாவி வில்லை, பெட்டியின் மூடி. மோதிரத்தின் உட்புறம், கரண்டியின் காம்பு போன்ற வளைந்த பரப்புகளில் பிடியின் உயரத்தை ஒவ்வொரு கணமும் மாற்ற வேண்டியிருக்கும், அவை பிறகு.

முலாம் பூசிய பொருளா என்று முன்னதாகவே விசாரித்துவிடுங்கள். முலாம் மெல்லியது, உளி அதைத் தாண்டி அடியிலுள்ள உலோகத்தைத் தொடும், நிறம் மாறித் தெரியும். பாட்டி கொடுத்த வெள்ளிக் கிண்ணத்தில் பெயர் பொறிக்கச் சொல்லி யாராவது கேட்டால், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் இந்த ஆண்டு மறுத்துவிடுங்கள். அதற்குப் பதில் அதே பெயரைத் தனிப் பித்தளைத் தகட்டில் செதுக்கிக் கொடுங்கள்.